நாலு மணிக் குரல்

"கை."

அவ்வளவுதான் சொல்வாள். சொல்லிவிட்டுக் கணினித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். திரையில் பத்தொன்பது கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு வீடு. ஒன்றில் பாதி நெற்றியும் ஒரு மின்விசிறியும் தெரியும். ஒன்றில் வெறும் மூக்கு. ஒன்றில் மருந்து டப்பாக்கள் அடுக்கிய சன்னல் மட்டும். ஆளைத் தேட வேண்டும். ஒவ்வொன்றாகக் கைகள் எழும். நடுங்கும் கை, வீங்கிய கை, ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன கை. எழுந்த கைக்கு நேராக நோட்டில் ஒரு கோடு இழுப்பாள். பத்தொன்பதாவது கோடு விழாமல் மேசைமேல் கிடக்கும் நாவலைத் தொட மாட்டாள்.

"எல்லாரும் ஏறியாச்சு, போலாம் ரைட்!" என்று இரண்டு விரலை மட்டும் ஆட்டுவார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

"விரல் செல்லாது பெரியப்பா. முழுக் கை."

"முழுக் கையத் தூக்கினா தோள்பட்டை கழண்டுக்கும்மா. அப்புறம் நீதான் வந்து மாட்டணும்."

"வந்து மாட்டறேன். இப்பத் தூக்குங்க."

நூலகத்தில் கூட வேலை செய்பவர்கள் அவளுக்குக் 'கைகாட்டி' என்று பெயர் வைத்து ஒரு வருடம் ஆகிறது. ரயில் பாதையோரம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற கம்பத்தின் பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் முகத்துக்கு நேரே வந்துவிட்டபோதும் அவள் கோபப்படவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.

ஐம்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருடமாக இரவல் பிரிவு. கிழிந்த பக்கங்களையும் முதுகுச் சீட்டுகளையும் ஒட்டுவது அவள் வேலை என்பதால் கட்டைவிரல் நகத்தைச் சுற்றி எப்போதும் காய்ந்த பசை இருக்கும். பேசும்போது அதை உரித்துக்கொண்டே பேசுவாள். குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாதது. ஒல்லியான ஆளிடமிருந்து அப்படியொரு கனத்த, தெளிந்த குரலை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். வாசிக்கும்போது வாக்கியம் முடிகிற இடத்தில் சரியாக ஒரு மூச்சு நிறுத்துவாள். "புள்ளி எதுக்கு வச்சிருக்கான்? அழகுக்கா? அங்கதான் மனுஷன் மூச்சு விடணும்" என்பாள்.

படியேறி வர முடியாதவர்களின் வீட்டுக்கே நூலகம் போக வேண்டும் என்று தொடங்கிய திட்டம் இது. முப்பத்தொரு வீடுகளுக்கு ஆளுக்கொரு தொடுதிரை டேப் கொடுத்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை நாலு மணிக்கு, அரை மணி நேரம் அவள் வாசிப்பாள். அவர்கள் திரையில் கூடிக் கேட்பார்கள். ஆரம்பத்தில் கை காட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது. கட்டம் தெரிந்தால் ஆள் வந்துவிட்டதாகக் கணக்கு. அந்தக் கணக்கையும் இயந்திரமே போட்டுக்கொண்டது.

மூன்றாம் தெருவின் கடைசி வீட்டில் ஊசியம்மா இருந்தாள். நாற்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். தனிக்கட்டை. விரல்கள் முடக்குவாதத்தில் வேர்போல முறுக்கிக்கொண்டுவிட்டன. டேப்பில் எதைத் தொட்டாலும் வேறெதுவோ திறந்தது.

"இதைத் தடவித் தடவி என்ன வரம் வாங்கப் போறேன்? எல்லாத்தையும் நீயே அமுக்கி வச்சுட்டுப் போடி. நாலு மணியானா அதுவாப் பேசணும்."

இவளும் அப்படியே செய்துகொடுத்தாள். நாலு மணிக்குத் தானாக விழித்துக்கொள்ளும், தானாகக் கூட்டத்தில் சேரும், அரை மணியில் தானாக அணையும். சார்ஜர் ஒயரைக் கழற்றவே வேண்டாம். அந்த வீட்டு மின்விசிறி கடகடக்கும் என்பதால் அங்கிருந்து வரும் சத்தத்தை அடைத்து வைத்தாள். கேமரா மேல் ஊசியம்மாவே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டாள். "என்னைப் பார்த்தவங்க எல்லாம் அழுதவங்கதான். இனிமே யாரும் பார்க்க வேண்டாம்." ஆக, அவளுடைய கட்டம் எப்போதும் கறுப்பு. மூன்றாம் தெரு, கடைசி வீடு என்று வெள்ளை எழுத்து மட்டும் அதில் இருக்கும்.

அந்தக் கட்டம் ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஒரு வியாழக்கிழமை திரையில் நட்சத்திரங்கள் கொட்டின. 'நூறாவது வருகை! வாழ்த்துகள்!' "ஊசியம்மாவுக்கு நூறு நாள், எல்லாரும் கைதட்டுங்க" என்றாள் இவள். முப்பது வீடுகளும் தட்டின. கண்டக்டர் விசில் அடித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கதவை உடைத்தார்கள். இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சனி, ஞாயிறு போக எட்டு நாள் அந்த அறைக்குள் இவள் வாசித்திருக்கிறாள். கைதட்டியது அதில் ஆறாம் நாள்.

டேப் நூலகத்தின் பொருள். திரும்ப எடுத்துவர அவளைத்தான் அனுப்பினார்கள். சுவரை ஒட்டியிருந்த பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

"வாடை வந்துச்சுதான். எலி செத்துக் கிடக்குன்னு நினைச்சோம். தினமும் நாலு மணிக்கு உள்ள பேச்சுக் குரல் கேக்குமே! யாரோ சொந்தக்காரங்க வந்து பேசிக்கிட்டிருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்கன்னு விட்டுட்டோம்மா. பொம்பளைக் குரல்தான். நல்லாக் கணீர்னு."

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் இவள்.

பக்கத்து வீட்டுக்காரி மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு அவள் நாவலைத் திறக்கவில்லை. "கை" என்றாள். எல்லா டேப்களிலும் தானாகச் சேர்கிற வசதியை ஒரே வாரத்தில் எடுத்துவிட்டாள். கேமராவை மூடக்கூடாது என்றாள். கை எழாத வீட்டுக்கு உடனே போன் போனது. போன் எடுக்காத வீட்டுக்கு அவளே போய் நின்றாள். பெரும்பாலும் தூங்கிப்போயிருந்தார்கள். திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

வீட்டிலும் அது தொற்றியது. பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவன், சாப்பிடக் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி "ஆஜர் மேடம்" என்பான். அவள் சிரித்ததில்லை. ஒரு ஞாயிறு மதியம் அவன் அசந்து தூங்கியபோது, கூப்பிட்டுப் பதில் வராமல், ஓடிவந்து உலுக்கிய உலுக்கலில் அவன் சட்டைப் பொத்தான் தெறித்துவிட்டது. அதிலிருந்து அவன் அந்த வேடிக்கையைச் செய்வதில்லை. கூப்பிட்டதும் "இருக்கேன்" என்கிறான்.

கை காட்டச் சங்கடப்பட்டு ஐந்தாறு பேர் விலகினார்கள். பொத்தான் அமுக்கத் தெரியாமல் மீதிப் பேர். முப்பது பத்தொன்பதானபோது நூலக அலுவலர் அவளைக் கூப்பிட்டார். அவளைவிட இருபது வயது சின்னவர். நல்ல மாதிரி.

"அக்கா, அரை மணியில ஏழு நிமிஷம் கையெண்ணவே போயிடுது. இனி நேரலை வேண்டாம். உங்க குரலைப் பதிவு பண்ணிடலாம். நாலு மணிக்கு எல்லா டேப்லயும் அதுவே ஓடும். இன்னும் நானூறு வீட்டுக்குக் கொடுக்கலாம்கா. நானூறு!"

"அதுவே ஓடுமா?"

"ஆமா."

"கேக்க ஆள் இல்லேன்னாலும்?"

அலுவலர் பேனாவை மூடித் திறந்தார். "ஓடினதா இல்லையான்னு அறிக்கை வரும்."

"வரும் சார். வாழ்த்துகள்னு வரும். போன தடவையும் வந்துச்சு."

"நீங்க மாட்டேன்னா இயந்திரக் குரல்ல போடச் சொல்லிட்டாங்க. நிறுத்த மட்டும் முடியாது."

நகத்திலிருந்த பசையை அவள் முழுவதும் உரித்து முடித்தாள். யார் குரலாக இருந்தால் என்ன? மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கத்தான் போகிறது. தெருவில் போகிறவர்கள் ஆள் இருப்பதாக நினைத்துக் கடக்கத்தான் போகிறார்கள்.

"பேசித் தரேன். ஆனா எல்லா வீட்டு வாசல்லயும் ஒரு நோட்டீஸ் ஒட்டுவேன்."

என்ன நோட்டீஸ் என்று சொன்னாள். அவர் முகம் மாறியது. "நூலகத்துப் பேர் வரக்கூடாதுக்கா. பயமுறுத்தற மாதிரி இருக்கு."

"பேர் எதுக்கு சார்? என் குரல், என் நோட்டீஸ்."

பன்னிரண்டு நாள், சன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து நாவல் முழுவதையும் வாசித்துக் கொடுத்தாள். பழக்கம் போகாமல் முதல் நாள் "கை" என்று ஆரம்பித்துவிட்டாள். அதை வெட்டிவிட்டார்கள்.

இப்போது நாலு மணிக்கு அவளுக்கு வேலை இல்லை. மூன்றரைக்கு ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, பசை டப்பாவும் பிரஷும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறாள். ஒரு நாளைக்கு மூன்று நாலு வீடு. அரைத்தாளில் கையாலேயே எழுதிய வாசகம்:

'மாலை நாலு மணிக்கு உள்ளே கேட்பது என் குரல். இந்த வீட்டில் இருப்பவர் குரல் அல்ல. தயவுசெய்து கதவைத் தட்டிப் பாருங்கள்.'

"என்னம்மா இது, வாசல்ல சாவு நோட்டீஸ் மாதிரி?" என்றார் ஒரு வீட்டு மருமகன்.

"அது ஒட்ட வேண்டி வரக்கூடாதுன்னுதான் இது" என்று சொல்லிவிட்டு, ஓரங்களைக் கட்டைவிரலால் நீவி ஒட்டினாள். அவள் தெரு முனை திரும்புவதற்குள் அவர் கிழித்துவிட்டார். மறுநாள் வந்து மறுபடி ஒட்டினாள்.

கண்டக்டர் வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. பிரஷைப் பசையில் தோய்க்கும்போதே உள்ளே குரல் தொடங்கியது. மூடிய கதவுக்கு வெளியிலிருந்து அவள் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னது சரிதான். யாரோ வந்து உட்கார்ந்து, நிதானமாக, பிரியமாகப் பேசிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. நல்ல வீடு, ஆள் புழங்குகிற வீடு என்று யாரும் நினைப்பார்கள்.

நோட்டீஸை ஒட்டிவிட்டுத் தட்டினாள்.

பதில் இல்லை. "பெரியப்பா" என்று கூப்பிட்டாள். உள்ளேயிருந்து அவளுடைய குரலே அவள் குரலை அமுக்கிவிட்டது. சன்னல் சாத்தியிருந்தது. இன்னும் பலமாகத் தட்டினாள். குரல் ஒரு கல்யாண வீட்டுச் சண்டையைச் சிரிப்பு வரும்படி வாசித்துக்கொண்டே போனது. கைதட்டல் விழுந்த அன்று வாசித்த அத்தியாயம். ஒரு வரி விடாமல் அவளுக்கு மனப்பாடம்.

தட்டுவதை நிறுத்தினாள். கதவோடு காதை ஒட்டவைத்து உதடுகளை அசைத்துக் குரலோடு கூடவே போனாள். வாக்கியம் முடிந்தது. ஒரு மூச்சு அளவுக்கு நிறுத்தம். அதற்குள் மூன்று தட்டுத் தட்டிவிட்டு உள்ளே ஏதாவது அசைகிறதா என்று கேட்டாள்.

குரல் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிட்டது. நீளமான வாக்கியம். அதன் முற்றுப்புள்ளிக்காக, கையை உயர்த்தியபடி கதவுக்கு முன்னால் நின்றாள்.