முறைத் தண்ணீரும் மூன்றாவது இஃப்பும்

கனடாவில் யாரும் யாரிடமும் நேராக வேலை சொல்வதில்லை. ஹோட்டல் சலவைப் பிரிவில் நான் சேர்ந்த முதல் வாரம் மேற்பார்வையாளர் அம்மாள் வந்து, "இஃப் யூ குட் மூவ் தட் கார்ட்..." என்று சொல்லிச் சிரித்தார். அந்த வண்டியை உங்களால் நகர்த்த முடிந்தால்... சரி, முடிந்தால் என்ன? மீதி வாக்கியம் வரட்டும் என்று நானும் சிரித்தபடி நின்றேன். வரவில்லை. "எஸ், ஐ குட்" என்றேன் தெம்பாக. அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் என்றால், "யோவ், அதை அப்பால தள்ளுய்யா" என்று ஒரே வரிதான். சொன்னவருக்கும் சந்தேகம் இல்லை, கேட்டவனுக்கும் இல்லை.

இப்போது அந்த மேற்பார்வையாளர் வேலையே எனக்குக் கிடைக்கும் போல இருக்கிறது. ஆனால் ஆங்கிலச் சான்றிதழ் வேண்டுமாம். அதனால் ஐம்பதை நெருங்கும் வயதில், நூலகத்தின் மாடியில் வாரம் இரண்டு மாலை வகுப்புக்குப் போகிறேன். மார்கரெட் டீச்சர் இஃப் வாக்கியங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பலகையில் எழுதினார். மூன்றாவது வகை, நடந்து முடிந்துவிட்டதை வேறு மாதிரி நடந்திருந்தால் என்று நினைத்துப் பார்ப்பது. ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார். நான் காக்கையாகப் பிறந்திருந்தால் இந்தக் குளிருக்கு முன்பே பறந்து போயிருப்பேன் என்று தப்பும் தவறுமாக எழுதி வாசித்தேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "அடுத்த வகுப்புக்கு உங்கள் வாழ்க்கையில் நிஜமாக நடந்த ஒன்றை எழுதி வாருங்கள்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

என் வீட்டுப்பாடங்களுக்கு ஒரு வாத்தியார் உண்டு. என் தம்பி சேகர். ஊரில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். பள்ளிக்கூடத்திலேயே அவன் ஆங்கிலம் தண்ணீர் மாதிரி ஓடும். என்னுடையது சேற்றில் மாட்டிய வண்டி. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு உள்ளூரில் இருக்கும் தம்பி போனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதை இங்கே நண்பர்களிடம் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன். அது எப்படி அப்படி ஆனது என்பதை மட்டும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், துபாய் ஹோட்டல் ஒன்றுக்கு ஆள் எடுக்கத் திருச்சியில் இண்டர்வியூ வைத்தார்கள். எனக்கும் சேகருக்கும் கடிதம் வந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருடம் அது. வாய்க்காலில் முறை போட்டுத்தான் பாய்ச்சினோம். வாரம் ஒரு நாள், காலையிலிருந்து உச்சி வரை எங்கள் வயலுக்கு. மடையில் ஆள் நிற்கவில்லையென்றால் மேல்வயல்காரர் தண்ணீரைத் திருப்பிக்கொள்வார், பயிர் அடுத்த வாரம் வரை காய வேண்டியதுதான். அந்த முறையும் இண்டர்வியூவும் ஒரே நாளில் வந்தன.

முதல் நாள் சாயங்காலம் பக்கத்து வயல் கலியபெருமாள் மாமா களத்துமேட்டில் என்னைப் பிடித்தார். "ரெண்டு பேருக்கும் நாளைக்கு இண்டர்வியூவாமேப்பா? எம் முறை வியாழக்கிழமைதானே, அதை நீங்க எடுத்துக்குங்க. நாளைக்கு நான் பாய்ச்சிக்கறேன். ஒண்ணா போயிட்டு வாங்க."

எங்கள் பக்கத்தில் முறையை மாற்றிக்கொடுப்பது சாதாரண உதவி இல்லை. நானோ, சேகர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னால் என் ஆங்கிலம் எவ்வளவு மட்டமாகத் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "வேணாம் மாமா, சேகருக்கு வெளிநாடு போற எண்ணமே இல்லை" என்றேன். வீட்டுக்கு வந்து, "ஒருத்தன் மடையில நிக்கணுமேடா" என்று இழுத்தேன். "நீங்க போங்கண்ணே, நான் அடுத்த தடவை பாத்துக்கறேன்" என்றான். நான் துபாய் போய், அங்கிருந்து கனடாவும் வந்துவிட்டேன். அவனுக்கு அடுத்த தடவை என்று ஒன்று வரவே இல்லை. கலியபெருமாள் மாமாவும் காலமாகிவிட்டார். அந்தப் பொய்க்கு இப்போது நான் ஒருவன்தான் வாரிசு.

நேற்று வகுப்பு முடிந்து, பஸ் நிறுத்தத்தில் பனியில் நின்றபடி சேகரைக் கூப்பிட்டேன். ஊரில் விடிகிற நேரம். வயலில் இருந்தான்.

"இன்னிக்கு நம்ம முறைண்ணே, தண்ணிக்காக நிக்கறேன். சொல்லுங்க, என்ன பாடம்?"

"மூணாவது இஃப்புடா."

"அதுவா? இது நாத்து முத்திப்போன கேஸுண்ணே, இனிமே நட முடியாது. முதல்ல ஹேட், அப்புறம் வுட் ஹேவ். இப்ப பாருங்க, அன்னிக்குத் திருச்சிக்கு நானும் வந்திருந்தா, இந்நேரம் உங்ககூட ஐஸுல நின்னு நடுங்கிக்கிட்டிருப்பேன். இதை அப்படியே இங்கிலீஷ்ல போடுங்க. தப்பிச்சேன் போங்க!"

அவன் சிரித்தான். வழக்கம்போல நானும் ஒரு ஜோக் சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது, சத்தியமாக.

"சேகரு, அன்னிக்குக் கலியபெருமாள் மாமா முறையை மாத்திக்கறேன்னு வந்து சொன்னாருடா. ரெண்டு பேரையும் போகச் சொன்னாரு. நாந்தான் உங்கிட்டச் சொல்லலை. உனக்குப் போற எண்ணம் இல்லைன்னு அவருகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு கொக்கு கத்தியது.

"சேகரு..."

"தண்ணி வந்துடுச்சுண்ணே. இருங்க."

போனை அணைக்காமல் வரப்பில் வைத்துவிட்டான். மண்வெட்டி மண்ணில் இறங்குவது கேட்டது. ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு. வழக்கத்தைவிட வேகமா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியவில்லை. பிறகு மடை திறந்து தண்ணீர் வயலுக்குள் இறங்கும் சத்தம். என் பெயரும் சேர்ந்து பட்டாவில் இருக்கும் வயல்.

பஸ் வந்து கதவைத் திறந்தது. "ஆர் யூ கமிங்?" என்றார் ஓட்டுநர். நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டினேன். வருகிறேன் என்கிறேனா, இல்லை என்கிறேனா என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான். கொஞ்சம் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். கணுக்கால் வரை பனி ஏற, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, எங்கள் வயலில் தண்ணீர் பரவுவதைக் கேட்டபடி நின்றிருந்தேன். வரப்பில் கிடந்த அந்தப் போனைச் சேகர் அப்போதும் எடுக்கவில்லை.