சின்னம்மாவின் பதினொரு பாட்டு

திங்கட்கிழமை காலையில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுத் தேயிலை மலையேறும்போது அம்மாவின் கூட்டத்துப் பெண்கள் ஒருவரையொருவர் நலம் விசாரித்து நான் கேட்டதேயில்லை. "இந்தக் கெழம என்னா கேக்குற?" என்பதுதான் அவர்களுடைய முதல் பேச்சு. ஐந்து பேர், ஐந்து பட்டன் ஃபோன், ஒவ்வொன்றுக்குள்ளும் நகத்தளவு மெமரி சிப். இடுப்பில் கட்டிய படங்குக்குள் ஃபோனைச் செருகிக்கொண்டு, ஒரு காதில் மட்டும் வயரை மாட்டிக் கொழுந்து எடுப்பார்கள். மற்றக் காது கங்காணி வரும் சத்தத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை பீலித் தண்ணீரில் துணி துவைக்கும்போது சிப்புகள் கைமாறும். பெரியம்மாவுடையதில் முழுக்கச் சோகப் பாட்டு. வரிசை வீடுகளில் கடைசி லயத்து அத்தையுடையதில் பக்திப் பாட்டு, அதற்கு நடுவே எப்படி வந்ததென்று தெரியாது என்று அவளே சத்தியம் செய்யும் குத்துப் பாட்டு. அம்மா மட்டும் தன் சிப்பை யாருக்கும் கொடுக்கமாட்டாள். என்ன கேட்கிறாய் என்றால், "தங்கச்சி பாட்டுதான்" என்று சொல்லிவிட்டு நிரையில் இறங்கிவிடுவாள்.

தங்கச்சி என்றால் என் சின்னம்மா. அதே கூட்டத்தில் கொழுந்து எடுத்தவள், வீட்டு வேலைக்கென்று வெளிநாடு போயிருந்தாள். போவதற்கு முந்தின நாள் எங்கள் காம்பரா அறையின் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவின் ஃபோனில் பதினொரு பாட்டுப் பாடிப் பதிவு செய்து கொடுத்திருந்தாள். எல்லாம் அவளே கட்டியவை. அட்டைக்கடியைப் பற்றி ஒன்று, அட்டன் பஸ் கண்டக்டரைப் பற்றி ஒன்று, கங்காணியின் மீசையைப் பற்றி ஒன்று. "அட்டை கடிச்ச எடம் ஆறிப்போச்சு, அய்யா கடிச்ச எடம் ஆறலையே" என்று வரும். இடையில் அப்பாவின் இருமலும் பதிவாகியிருக்கும்.

அந்தச் சின்னம்மாவிடமிருந்து நான்கு மாதமாக ஃபோன் வரவில்லை. பெரியவர்கள் அதைப் பிள்ளைகள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பத்து வயது. அம்மா அதே பதினொரு பாட்டை நாள் தவறாமல் கேட்கிறாள் என்பதும், என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் புதுப் படப் பாட்டுக் கேட்கிறார்கள் என்பதும் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மானம் போனது.

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா முடிவெட்டத் தலவாக்கலைக்குப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். புதுப் பாட்டு ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி, ஏதோ ஞாபகத்தில் இருந்தவளிடம் சிப்பையும் வாங்கிவிட்டேன். அப்பா சலூனில் உட்கார்ந்திருக்க, பாட்டு ஏற்றித் தரும் கடைக்கார நானா சிப்பைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்.

"இதுல எடமில்ல மகள். எதயாச்சும் அழிக்கணுமே."

நான் யோசித்தேன். இத்தனை மாதம் கேட்டவளுக்கு அதெல்லாம் மனப்பாடம் ஆகியிருக்காதா? மனப்பாடம் ஆன பிறகு அதற்கு எதற்குச் சிப்பில் இடம்? எங்கள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு அப்படித்தான். ஒப்பித்ததும் டீச்சர் பலகையை அழித்துவிடுவார்.

"இந்தப் பதினொன்னையும் அழிச்சிருங்க நானா."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றேன், கண்ணைச் சிமிட்டாமல்.

மாலையில் அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி வயரைக் காதில் வைத்தாள். மாவுக் கையோடு ஃபோனை எடுத்து அமுக்கினாள், மறுபடி அமுக்கினாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் அடித்திருந்தால் நான் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். அவள் மாவுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா கடைக்கு ஃபோன் போட்டார். அழித்ததற்கு மேலேயே புதுசு ஏறிவிட்டது, இனி எடுக்க முடியாது என்று நானா சொன்னார். அன்று ரொட்டி சுட்டது அப்பாதான். பயம் என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அம்மா என்னையும் மலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெரியம்மா வழக்கம்போல, "என்னா, தங்கச்சி ஆல்பந்தானா?" என்றாள்.

"இந்தா நிக்கிறாளே, இவளக் கேளுங்க" என்றாள் அம்மா.

"நான்தான் அழிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

பெரியம்மா கூடையை இறக்கி வைத்துத் தலையைச் சொறிந்தாள். "திட்டக் கூடாது, தங்கச்சி. அன்னைக்கு நீ பீலிக்குக் குளிக்கப் போறப்ப ஃபோனப் பாத்துக்கச் சொன்னீல்ல? அப்ப நாலு பாட்டு புளூடூத்துல இழுத்துட்டேன்."

"நாலா? நான் அஞ்சு" என்றாள் கடைசி லயத்து அத்தை. மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தங்கள் திருட்டையும் ஒப்புக்கொண்டார்கள். அம்மா அவர்களைத் திட்டவா சிரிக்கவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். விரல்விட்டு எண்ணினார்கள். பத்துத் தேறியது. கங்காணியின் மீசைப் பாட்டு மட்டும் யாரிடமும் இல்லை. மாட்டிக்கொண்டால் வேலைக்கு ஆபத்து என்று அதை ஒருவரும் எடுக்கத் துணியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கங்காணி வந்து நின்றார். "என்னா இது, கூடைய எறக்கிட்டு மாநாடா?"

அழுகையும் விக்கலுமாக நான் உண்மையை உளறிவிட்டேன். மீசையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். பெரியம்மா என் வாயைப் பொத்துவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கங்காணி சட்டைப் பையிலிருந்து தன் ஃபோனை எடுத்தார்.

"என்னையப் பத்திப் பாடுன பாட்டு. எங்கிட்ட இல்லாம இருக்குமா? இந்தா, ஏத்திக்க."

அதை அவருக்கு யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. புதுப் பாட்டில் சிலதை அழித்ததும் இடம் கிடைத்து, பத்து மணித் தேத்தண்ணிக்குள் பதினொன்றும் அம்மாவின் ஃபோனுக்கு வந்து சேர்ந்தன. அம்மா வயரைக் காதில் வைத்தாள், சிரித்தாள், முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

அடுத்த திங்கட்கிழமையும் நான் கூடப் போனேன். பெரியம்மா அதே கேள்வியைக் கேட்டாள். அம்மா, நான் ஏற்றி வந்த புதுப் படப் பாட்டின் பேரைச் சொன்னாள்.

நான்கு பேரும் நடையை நிறுத்தினார்கள். "மெய்யாவா?" என்றாள் பெரியம்மா. அம்மா தலையாட்டினாள். கடைசி லயத்து அத்தை கோயில் இருந்த திசை பார்த்துக் கும்பிட்டாள். ஒருத்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். முந்தின நாள் சின்னம்மா யாருடைய ஃபோனிலிருந்தோ பேசியிருந்தாள். வேலை செய்த வீட்டில் ஃபோனைப் பிடுங்கி வைத்திருந்தார்களாம், இப்போது வேறு வீட்டுக்கு மாறிவிட்டாளாம், நன்றாக இருக்கிறாளாம். அம்மா வேறு பாட்டுக் கேட்கிறாள் என்றாலே தங்கச்சியிடமிருந்து தகவல் வந்துவிட்டது என்று அவர்களுக்கு அர்த்தம்; அந்த மலையில் இது தெரியாமல் நின்றவள் நான் ஒருத்திதான்.

நான் தெரிந்தெடுத்த பாட்டு அவ்வளவு நல்ல பாட்டு என்று நினைத்து, அன்று முழுக்க அதை நிரை நிரையாகப் பாடிக்கொண்டு திரிந்தேன்.