‘பழசு’ எழுதிய காட்சி

இழவுச் செய்தி சொல்பவர் போன்ற முகத்தோடு அவர் தாளைப் பிடித்து வாசிக்கிறார். எதிரே வெங்காயம் உரிக்கும் மனைவி சிரிக்கவில்லை. தாள் நாலாக மடிந்து குப்பைக் கூடைக்குப் போகிறது. காலை பத்து மணிக்குள் இப்படி ஏழெட்டு ஜோக்குகள் உயிரை விடும்.

சினிமாவுக்கு நகைச்சுவை வசனம் எழுதுவது அவர் தொழில். வயது நாற்பத்திரண்டுதான், ஆனாலும் படக்குழுவில் எங்கள் எல்லோருக்கும் அவர் ‘பழசு’. குடும்பம், கட்டுப்பாடு, அவரவர் வேலையை அவரவர் பார்ப்பது என்று பேசுவார். யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பதையும் மறைப்பதில்லை. “எல்லாத்துக்கும் அரசாங்கமே வரணும்னா, என் மூக்கை யாருங்க சிந்தறது?” என்பார். குண்டு, குள்ளம், திக்குவாய் எதையும் தொடமாட்டார். “அது சோம்பேறிச் சிரிப்பு.”

போன வருடம் ஒரு காட்சி எழுதினார். அடுக்குமாடி வீட்டில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது. மோட்டாரை யார் அணைப்பது என்று குடியிருப்போர் கமிட்டி போடுகிறார்கள். திருத்தம், ஓட்டெடுப்பு, வெளிநடப்பு. கணுக்கால் வரை தண்ணீர். மாடியிலிருந்து இறங்கி வரும் ஓர் அம்மாள் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிறாள். அனுமதியில்லாமல் அணைத்ததற்காக அவள்மேல் கண்டனத் தீர்மானம் நிறைவேறுகிறது.

தயாரிப்பாளர் பயந்துவிட்டார். “பிற்போக்குன்னு கிழிச்சுத் தொங்க விட்ருவாங்க. வெட்டிடலாம்.”

“ஒரு தடவை ஜனங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. சிரிக்கலைன்னா நானே வெட்டச் சொல்றேன்.”

வீட்டில் அதைவிடப் பெரிய எதிர்ப்பு. மனைவியின் அண்ணன் தொழிற்சங்கச் செயலாளர். காட்சியைப் படித்துவிட்டுத் தாளை மேஜையில் வீசினார். “எங்களைத்தானே நக்கல் பண்றீங்க, மாப்ளே?”

“ஆமா மச்சான். படம் பார்த்துட்டுத் திட்டுங்க.”

ஒரு மாதம் மச்சான் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தங்கை போய்க் கெஞ்சித்தான் ஞாயிற்றுக்கிழமை காலை முன்னோட்டக் காட்சிக்கு அழைத்து வந்தாள். நான் பின் வரிசையில் இருந்தேன். பழசு திரையைப் பார்க்கவே இல்லை; ஓரத்தில் நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கமிட்டி கூடியபோது அங்கங்கே கனைப்பு. வெளிநடப்பு செய்தவர் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே “எதிர்ப்பைப் பதிவு பண்றேன்!” என்றதும் அரங்கம் வெடித்தது. கண்டனத் தீர்மானத்துக்கு அடுத்த மூன்று வசனம் யார் காதிலும் விழவில்லை. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை உதறி உதறிச் சிரித்தார். “அடப்பாவி, போன வாரம் நாங்க இதேதான் பண்ணோம்!”

விளக்கு எரிந்தது. தயாரிப்பாளர் ஓடி வந்து கட்டிக்கொண்டார். “ஒரு பிரேமைக்கூடத் தொடமாட்டேன்யா!” கைதட்டல் நிற்கவில்லை, மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

பழசு போகவில்லை. மச்சான் உதறியதில் ஒற்றைச் செருப்பு எங்கோ போயிருந்தது. மண்டியிட்டு முன் வரிசை நாற்காலிக்கு அடியில் துழாவி எடுத்து, தூசியைத் தட்டி, அவர் காலருகே நேராக வைத்தார்.