காலையில் எழாத வண்டி

எங்கள் வீட்டுக்குக் கார் வந்த வாரம் தெருவே அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. அடுத்த வாரம் தெருவே சேர்ந்து அதைத் தள்ளியது. நான்கு கை மாறி வந்த வெள்ளைக் கார் அது. அப்பா ராணிப்பேட்டையில் யாரிடமிருந்தோ வாங்கி வந்தார். இடதுபக்கக் கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். மாதனூரில் எங்கள் தெரு குறுகல் என்பதால் கார் வீட்டு வாசல்வரை வராது. தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையில் போகும் லாரிகளின் இரைச்சலைக் கேட்டபடி நின்றுகொண்டிருக்கும்.

அப்பாவும் அம்மாவும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அப்பா தோல் வெட்டும் பிரிவில், அம்மா தையலில். காலையில் கம்பெனி பஸ் வந்து தெருக்கோடியிலேயே ஏற்றிக்கொள்ளும். "பஸ்ஸு இருக்க சொல்ல காரு இன்னாத்துக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. அப்பா சிரித்து மழுப்பிவிடுவார். கார் யாருக்காக வந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் தங்கை, என் அத்தை, பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

முந்தின வருஷமும் இதேபோல் வந்திருந்தாள். அந்த முறை ராத்திரியில் வலி எடுத்தது. வண்டி கிடைக்கவில்லை. ஒருவழியாகக் கிடைத்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. இதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. ஏழு வயதுப் பெண்ணிடம் யார் இதைச் சொல்வார்கள்? "பாப்பா எங்கே?" என்று கேட்டபோது அம்மா, "ஆஸ்பத்திரியிலயே இருக்குது" என்றாள். "ஏன்?" என்றேன். "வண்டி கெடைக்கல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். வண்டி இல்லாததால் ஒரு குழந்தையை வேலூரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். இப்போது நம்மிடமே கார் இருக்கிறது. இந்த முறை போகும்போது இரண்டு பாப்பாக்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். என் கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கார் ஸ்டார்ட் ஆக வேண்டும்.

அதுதான் ஆகவில்லை. மாலையில் அப்பா ஒரு சின்னச் சுற்று ஓட்டிவந்து நிறுத்தும்போது ஒழுங்காக இருக்கும். காலையில் பஸ் வருவதற்குள் எடுத்துப் பார்க்கலாம் என்று அப்பா சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பஸ்ஸுக்காக நிற்கும் பெண்கள் சாப்பாட்டுப் பைகளைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளுவார்கள். கொஞ்ச தூரம் உருண்டதும் உறுமிக்கொண்டு எழும். பகலில் தள்ள ஆள் உண்டு. ராத்திரியில் வலி எடுத்தால் யார் வந்து தள்ளுவார்கள்? அப்பா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குள் வரும்போது அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

"எழுந்துச்சாண்ணா?" என்று அத்தை பூண்டு உரித்தபடியே, ஏதோ சும்மா கேட்பதுபோலக் கேட்பாள். "ம், எழுந்துச்சு" என்பார் அப்பா. தெருக்கோடியில் தள்ளியவர்கள் போட்ட கூச்சல் எங்கள் அடுப்படிவரை கேட்டிருக்கும்.  அத்தை உரித்த பூண்டையே மறுபடி உரித்துக்கொண்டிருப்பாள்.

ஆம்பூரிலிருந்து கார் எலக்ட்ரீஷியன் ஒருவரை அப்பா அழைத்து வந்தார். எல்லோருக்கும் அவர் பாய்தான். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிச் சுரண்டினார், கிரீஸ் தடவினார், பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய் சார்ஜ் ஏற்றி வந்து மாட்டினார். "இனிமே பேஜார் இல்ல சார்" என்றார். மறுநாளே பேஜார் ஆனது. அடுத்த முறை வந்தபோது பாட்டுப் பெட்டியின் வயர் நேராக பேட்டரிக்குப் போவதைக் கண்டுபிடித்து, "இதான் திருடன்" என்று பிடுங்கி எறிந்தார். பாட்டு போனதுதான் மிச்சம்.

இதற்குள் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. கண் பட்டிருக்கிறது என்றார்கள் சிலர். பக்கத்து வீட்டுக்காரி ஒருபடி மேலே போய், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ராத்திரியில் ஏதோ நடமாடுகிறது, கார்க் கதவு திறந்து மூடும் சத்தத்தை தானே காதால் கேட்டதாகச் சொன்னாள். அம்மா எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் காரின் முன்னால் கட்டினாள். எனக்கு அது போதவில்லை. தொட்டியாண்டை வரும் அந்த ஏதோ ஒன்றுதான் பேட்டரியைக் குடித்துவிடுகிறது, அதற்கு எங்கள் பாப்பாக்கள் வீடு வந்து சேர்வது பிடிக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகமாட்டேன். படுத்தால் போர்வைக்குள்ளேயே மூச்சு விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பாய் மறுபடியும் வந்தார். இந்த முறை அவருக்கும் ரோஷம் வந்திருந்தது. பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, அதற்கும் வயருக்கும் நடுவே ஒரு சின்ன பல்பை வைத்தார். "சாவி ஆஃப்ல இருக்க சொல்ல கரண்ட் எங்கியும் போவக் கூடாது. போச்சுன்னா பல்பு எரியும். அப்புறம் ஒவ்வொரு ஃபியூஸா புடுங்கினா ஆள் மாட்டிப்பான்" என்றார். அப்பா, அம்மா, முதுகைப் பிடித்தபடி அத்தை, எல்லோரும் குனிந்து பார்த்தோம். எரியட்டும் சாமி, எரியட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். பல்பு எரியவில்லை.  ஏதாவது கெட்டுப்போயிருந்தால் சரிசெய்யலாம். ஒன்றுமே கெடாமல் தினமும் செத்துப்போகிற வண்டியை என்ன செய்வது?

"வண்டில லீக்கு இல்ல சார். சாவி எங்க வைக்கிறீங்க?" என்றார் பாய்.

"சாமி படத்துக்குக் கீழ ஆணில."

"யார்னா எடுக்கிறாங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். கேள்வி கேட்காமலே ஓர் அறை விட்டார். அதற்கு முன் என்னை அவர் அடித்ததே கிடையாது.  நான் அழ ஆரம்பித்ததும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"கொழந்த எடுக்கல பாய்" என்றார். "நான்தான். படுக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டு உடனே நிறுத்திடுவேன். நடுவுல முழிப்பு வந்தா இன்னொருவாட்டி."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நானும்தான். விடிகாலம் தண்ணி புடிக்கப் போவ சொல்ல சாவியத் திருப்பி, அந்த செவப்பு லைட்டு எரியுதான்னு பார்ப்பேன். எரிஞ்சா மனசுக்கு ஒரு தெம்பு. கொஞ்ச நேரம் பார்த்துனே நிப்பேன்."

பாய் வாய் திறப்பதற்குள் அத்தை பேசினாள். "சாயங்காலம் நடக்கப் போறப்ப நானும் ஒக்காருவேன்ணா. லைட்டு போட்டு, சாவி போட்டுப் பழகுவேன். நீங்க ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போய்ட்டா யாரு இருக்கா? நானே எடுத்துனு போய்டலாம்னு." பிறகு வயிற்றைத் தொட்டுக்காட்டி, "ஸ்டேரிங்தான் இடிக்குது" என்று சிரித்தாள். 

ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. பிரசவம் ஆக வேண்டிய வீட்டில் பயத்தை வாயால் சொன்னால் அதுவே பலித்துவிடும் என்று மூன்று பேருமே பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். பேயைப் பிடிக்கப் போனால் மூன்றும் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

பாய் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒருவாட்டி செல்ஃப் அடிச்சா அவ்ளோ இழுக்கும் சார். அது திரும்ப ஏறணும்னா வண்டி ஓடணும். ஸ்டார்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ணி நிறுத்தினா கம்மியாயினேதான் போவும்" என்று சொல்லிவிட்டுச் சாவியை அப்பாவின் சட்டைப் பையில் அவரே போட்டார். அத்தையிடம், "நல்லபடியா ஆவும்மா, பயப்படாத" என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வருஷம் அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு அப்பா தினமும் மாலையில் பள்ளிகொண்டா வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்புவார். காலையில் வண்டி தானாக எழுந்தது. ஆனாலும் என் பயம் விடவில்லை. அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் பயந்த ஒரு விஷயம் ஒரு பல்பினால் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வலி எடுத்தது கம்பெனி பஸ் வரும் காலை வேளையில். அத்தையைக் கைத்தாங்கலாகத் தெருக்கோடிக்கு நடத்தி வந்தார்கள். என்னை எங்கே விடுவது என்று தெரியாமல் என்னையும் உள்ளே திணித்தார்கள். பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கி ஓடிவந்து, யாரும் கேட்காமலே காரின் பின்னால் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். அப்பா சாவியைத் திருப்பவே இல்லை. அம்மா, "திருப்புங்க" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி உடனே எழுந்து நகர்ந்தது. தள்ள வந்தவர்கள் கையை நீட்டியபடியே நின்றது பின்கண்ணாடியில் தெரிந்தது.

வேலூரில் பெண் குழந்தை பிறந்தது. இப்போது அவள் என்னைவிட உயரம், என்னைவிட வாய் ஜாஸ்தி. அன்று ஒரு துண்டுக்குள் சிவப்பாக இருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் ஆஸ்பத்திரி நடையில் ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த அறை என்று கேட்டதற்கு அம்மா, "சும்மா இரு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று அத்தை குழந்தையோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள். நான் மறுகோடியில் கதவோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

"ஏண்டி இப்படி ஒட்டிக்கினு ஒக்கார்ற? தாராளமா ஒக்காரு" என்றாள் முன்சீட்டிலிருந்து அம்மா.

"அந்தப் பாப்பாவுக்கு எடம்" என்றேன். "அதையும் கூட்டினு வரலியா? இப்பதான் நம்மகிட்ட வண்டி இருக்குதே."

 அத்தை கையை நீட்டி, நான் விட்டிருந்த இடத்தில் வைத்துக்கொண்டாள். அப்பா சாவியைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, இறங்கிப் போய் எடுத்து வரப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இறங்கவில்லை. மறந்துவிட்டுப் போகிறார்களே, இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே நின்றால் யாருக்காவது நினைவு வருமே என்று தவித்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக, வண்டி எழக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரே சாவியில் எழுந்துகொண்டது.