கீழ்பென்னாத்தூரில் இருந்த கேசட்

திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பாட்டு டீச்சராக இருந்தேன். தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், மாவட்டத்துப் பாட்டு டீச்சர்கள் பதினைந்து பேருக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தித் தரும்படி என்னைக் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று நினைத்தேன்.

என்னிடம் ஒரு கேசட் இருந்தது. சென்னையில் ஒரு புத்தகக் கண்காட்சியில் வாங்கியது. பிள்ளைகளுக்கான பன்னிரண்டு பாட்டு. ஒரு அம்மா தானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடி வெளியிட்டிருந்தார். மழை, எறும்பு, பஸ் பயணம் என்று எல்லாமே பிள்ளைகள் தினம் பார்க்கிற விஷயங்கள். என் ஆறாம் வகுப்புப் பெண்கள் அந்தப் பாட்டுகளைக் கேட்டால் பெஞ்சில் உட்கார மாட்டார்கள். இதையே பதினைந்து பிரதி எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தேரடிப் பக்கம் இருந்த ரெக்கார்டிங் கடைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். முன்பு ஒரு இன்னிசைக் குழுவில் தபேலா வாசித்தவர். கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"கோச்சுக்காதீங்க டீச்சர். இத நான் பதிஞ்சு தர மாட்டேன்."

"ஏங்க? சினிமாப் பாட்டெல்லாம் பதிஞ்சு தரீங்களே?"

அவர் முகம் சின்னதாகிவிட்டது. "அதுவும் தப்புதான். அதுக்கு நான் நியாயம் பேச வரல. ஆனா எங்க குழுவுல நாங்களே பாட்டு கட்டி ஒரு கேசட் போட்டோம். ரெண்டே மாசத்துல கிரிவலப் பாதையில வேற அட்டையில அது வித்துச்சு. எங்க பேரே அதுல இல்ல. அத என் கையில எடுத்துப் பாத்தேன் டீச்சர். இந்தம்மாவுக்கு அதையே நான் எப்படிப் பண்றது?"

"நான் விக்கப் போறதில்லீங்க. ஸ்கூல் பிள்ளைங்களுக்குத்தான்."

"அட்டையில விலாசம் இருக்குது பாருங்க. ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்க. சரின்னு சொன்னா, நானே கூட உக்காந்து பதிஞ்சு தரேன்."

கோபத்தோடுதான் வெளியே வந்தேன். பஸ் ஏறி, ஊர் போய்ச் சேரும் வரைக்கும் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். வீட்டுக்குப் போனதும் ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்து எழுதினேன். யார், எந்தப் பள்ளி, எத்தனை பிரதி, எதற்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பத்து நாளில் பதில் வந்தது. "தாராளமாகக் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் என் பெயர் இருக்கட்டும், யாரும் விற்க வேண்டாம். பாடும்போது பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று எனக்கு எழுதுவீர்களா?" என்று கேட்டிருந்தார். யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. மூன்றாவது பாட்டின் சரணம் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போகிறது என்று எழுதினேன். தனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது என்று பதில் போட்டார்.

கடைக்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். சொன்னபடியே பிரதிகள் எடுத்துத் தந்தார். கூடவே எனக்கென்று தனியாக ஒன்று எடுத்தார்.

"ஸ்கூல்ல இத போடுங்க. ஒரிஜினல வீட்ல வெச்சிடுங்க. ரெண்டும் ஒரே எடத்துல இருக்க வேணாம். நாலஞ்சு மாசத்துக்கு ஒரு தடவ முழுசா ஓட்டி எடுத்து வைங்க, இல்லன்னா டேப்பு ஒட்டிக்கும்."

பிறகு ஒரு ஸ்குரூ டிரைவரால் ஒரிஜினலின் மேல் ஓரத்தில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டார். அதன்மேல் இனி யாரும் தெரியாமல் வேறெதையும் பதிய முடியாது. பதினைந்து பிரதியையும் பயிற்சிக்கு வந்தவர்களிடம் கொடுத்தேன். ஒரிஜினல் கீழ்பென்னாத்தூர் வீட்டில் என் பீரோவுக்குள் போனது. மார்கழி, சித்திரை, ஆவணி என்று கணக்கு வைத்து ஓட்டி எடுத்து வைத்தேன்.

ஏழெட்டு வருடம் போயிற்று. ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு அந்த அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, மூலப் பதிவும் மிச்சமிருந்த கேசட்டுகளும் நனைந்து வீணாகிவிட்டன. "கடையில் வாங்கியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அனுமதி கேட்டு எழுதியவர்களின் விலாசம்தான் என்னிடம் இருக்கிறது. உங்களிடம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?"

பள்ளியில் போட்டுக்கொண்டிருந்த பிரதி தேய்ந்து கரகரத்தது. பீரோவில் இருந்ததை எடுத்துப் போட்டால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அமுங்கிக் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. மறுநாள் மதியம் கடைக்கு ஓடினேன். அவர் அப்போது கம்ப்யூட்டர் வாங்கி சிடியில் பதிந்து தர ஆரம்பித்திருந்தார்.

"டேப்புக்கு ஒண்ணும் ஆவல டீச்சர், பயப்படாதீங்க. உள்ள அழுத்திப் புடிக்கிற பஞ்சு விழுந்துடுச்சு. சத்தம் கம்மியா வருது, அவ்ளோதான்."

ஐந்து ஸ்குரூவையும் கழற்றி, நாடாவை வேறொரு கேசட் கூட்டுக்கு மாற்றினார். பொத்தானை அழுத்தினார். முதல் பாட்டு கணீரென்று வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு பாட்டையும் இடையில் எழுந்திருக்காமல் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

சிடியை உறையில் போடும்போது தயங்கினார். "எங்கிட்ட ஒரு காப்பி இருக்கட்டுமா? அந்தம்மாவ கேட்டு சொல்லுங்க."

சிடியை அனுப்பும்போது கூடவே எழுதிக் கேட்டேன். அந்த அம்மா பதில் எழுதவில்லை, அடுத்த மாதம் நேரிலேயே வந்துவிட்டார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கைத்தறிப் புடவை, பெரிய குடை. கடைக்காரர் அன்று கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கு வந்தார். காப்பியை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று அந்த அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். என் பெண்கள் பாட, அந்த அம்மா வரிசைக்குள் புகுந்து நின்றுகொண்டார். ஒரு பெண் வார்த்தையை மாற்றிப் பாடிவிட்டு நாக்கைக் கடித்தாள்.

"நீ பாடினதுதான் நல்லாருக்கு. அப்படியே வெச்சுக்கட்டுமா?" என்று அவளிடம் கேட்டார் அந்த அம்மா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பிறகுதான் அவள் சரி என்றாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இருவரும் அவரை ஏற்றிவிட்டோம். ஜன்னல் வழியே அவர் எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்தார். பஸ் திரும்பி மறைந்த பிறகு, இத்தனை வருடம் சொல்லாததைக் கடைக்காரரிடம் சொன்னேன்.

"ரொம்ப நன்றிங்க."

"இருக்கட்டும் டீச்சர், டீ சாப்பிடலாம் வாங்க" என்றார். குடித்துவிட்டு, நான் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன்.