இத்தாவில் இருந்தவளின் போஸ்ட்

அமைதிகாப்பு மிஷன் என்றால் நம்ம ஊரில் எல்லோருக்கும் துப்பாக்கி பிடித்த ஆமிக்காரர்தான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது போஸ்ட் பட்டியல், அதாவது பதவியிடங்களின் பட்டியல். சாய்ந்தமருதிலிருந்து போய், அரபு பேசும் நாடொன்றில், மிஷனின் கள அலுவலகத்தில், ஆட்களின் பதவி, லீவு எல்லாம் கவனிக்கும் ஆளணி வேலை பார்த்தேன். மிஷனுக்குக் காசு, உறுப்பு நாடுகள் கட்டும் பங்கிலிருந்து வருகிறது. பெரிய நாடொன்று கட்டப் பிந்தினால் எங்கோ ஒரு சாரதியின் வீட்டில் உலை ஏறாது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் இதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு வருடம் பங்குகள் ஒழுங்காக வரவில்லை. ஒவ்வொரு அலுவலகமும் ஒரு போஸ்ட்டைக் கைவிட வேண்டும் என்று தலைமையகம் சொல்லிவிட்டது. ஆள் இல்லாத போஸ்ட்தான் முதலில் வெட்டுப்படும். அது வழமை.

பட்ஜெட் பிரிவில் இருந்த சிவபாலன் எங்கள் பக்கத்து ஊர், காரைதீவுப் பிள்ளை. அவன்தான் எனக்குப் போன் எடுத்தான்; அண்ணன் என்பதற்கு எங்கள் பேச்சுப்படி நானா என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, உங்கட மொழிபெயர்ப்பாளர்ர போஸ்ட் வெறுமையாக் காட்டுது. வெள்ளிக்கிழமை பட்டியல் போகுது."

அது ஹலீமாவின் போஸ்ட். புருசன் மௌத்தாகி, அதாவது இறந்துபோய், விதவைகள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்கும் இத்தாக் கடமையில் இருந்தாள். எங்கள் அலுவலகத் தலைவர், சீஃப், நல்ல மனதோடுதான் சம்பளமில்லா லீவு கொடுத்திருந்தார். கம்ப்யூட்டருக்கு இத்தா தெரியுமா? ஆள் இல்லை என்று எழுதிவிட்டது. பிள்ளைகளுக்கு இனி அவளுடைய சம்பளம் மட்டும்தான்.

வீட்டுக்குப் போனேன். திரைக்குப் பின்னாலிருந்து கதைத்தாள். அரபியில் கதைத்ததை நம்ம பேச்சில் எழுதுகிறேன்.

"ஒரு நாள் வந்து வேலையப் பாரமெடுங்க, லீவு முடிஞ்சதா எழுதலாம். தேவைக்குப் பகல்ல வெளிய போக மார்க்கத்துல இடமிருக்கே," என்றேன்.

"இடமிருக்கு, நானா. எனக்கு மனசில்ல."

நம்ம ஊர்ப் பெண்ணும் இதைத்தான் சொல்லியிருப்பாள். சரி, அவள் வராவிட்டால் வேலை அவள் வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். மொழிபெயர்க்க வேண்டிய ரேடியோச் செய்திப் பதிவுகளை அலுவலகச் சாரதி காலையில் அவள் வாசலில் கொடுத்தான். பின்னேரம் மொழிபெயர்ப்பு வந்தது. சீஃப் முகத்தைச் சுளித்தார்.

"வீட்டுல இருந்து செய்யிறதெல்லாம் டியூட்டியா?"

"வாசிச்சுப் பாருங்க, சேர்."

வாசித்தார். லீவை ரத்துச் செய்து ஒப்பம் வைத்தார். எனக்குப் பெரிய சந்தோசம். சிவபாலனுக்குச் சொன்னேன்.

"நல்லம் நானா. அப்ப அந்த இடத்துக்கு ஆர்ர போஸ்ட்டைப் போடுற?"

சீஃப் ஜெனரேட்டர் மெக்கானிக் யாகூபின் போஸ்ட்டைப் போட்டார். முகாமுக்கு ஊர்க் கரண்ட் வந்திருந்தது. ஜெனரேட்டருக்கு வேலை குறைவு. காரணம் சரிதான். அவனுக்காக யாரும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை.

கடைசி நாள் யாகூப் பாஸை ஒப்படைக்க என் மேசைக்கு வந்தான். சலாம் சொன்னான்.

"ஹலீமாட வீட்டுக்கு நீங்க போனது எல்லாருக்கும் தெரியும். நல்ல காரியம்," என்றான். பாஸைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தம் உயர்த்தாமல் கேட்டான்: "என்ட வீட்டுக்கு நீங்க வாறதுக்கு ஆர் மௌத்தாகியிருக்கணும்?"

ஹலீமாவுக்குச் செய்தது பிழையென்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுக்க ஓடுகிறவர், அந்த இடத்துக்கு வரப்போகிறவரின் வீட்டுக்கும் முதலே ஒருக்கால் போய்வர வேண்டும். யாகூபுக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.