பூ கொட்டும் இடத்தில் நின்றுபோன கார்டு

மலேசியாவின் ஈஜோக்கில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவள் கலாவதி. கோலா சிலாங்கூரில் அதே தொழில் செய்யும் ஓரகத்தி துளசி, வீடியோ வேலைக்கென்றே செய்த புது வொர்க்ஸ்டேஷன் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியதிலிருந்து இவளுக்கு வயிறு எரிந்தது. வாடிக்கையெல்லாம் அங்கே போய்விட்டால்? இவளிடம் இருப்பதோ மகன் கேம் விளையாடிய பழைய கார்டு. தாலி கட்டும்போது பூ கொட்டுகிற எஃபெக்ட் போட்டால் அப்படியே நின்றுவிடும்.

குறை கண்டுபிடிக்கவே மகனின் கார் பந்தய கேமைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு துளசி வீட்டுக்குப் போனாள். புதுக் கார்டில் கார் திக்கித் திக்கி ஓடியது.

“பாத்தியா? என் பழசுல பறக்கும்லா!”

“கல்யாணத்துக்குக் கார் ஓட்டவாக்கா நம்மள கூப்புடுறாங்க?” என்று சிரித்த துளசி, தான் செய்த வீடியோவை ஓடவிட்டாள். தாலி ஏறியது, திரை நிறையப் பூ கொட்டியது, எங்கும் நிற்கவில்லை. கார்டின் காற்றாடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கலாவதி, துளசி கொடுத்த தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தாள். “சீனியே இல்ல” என்றாள். பிறகு பென்டிரைவை மறுபடி நீட்டினாள்.

“நான் செய்யற வீடியோவும் இதுல இருக்கு. நாளைக்குப் பொண்ணு வீட்டுல குடுக்கணும். பூ கொட்டுற எடத்த மட்டும் முடிச்சிக் குடு. ரொம்ப அழகா பண்ணிராத, அப்புறம் உன்னையே தேடி வருவாங்க.”